நடக்குமா, நடக்காதா: டாரட்டில் ஆமாம்-இல்லை கேட்கும்போது

டாரட் என்னும் படச்சீட்டுகளை வைத்துக் குறி பார்க்கத் தெரியும் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும். கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்தில் இருப்பவர் மெதுவாக ஆரம்பிப்பார். "அக்கா, ஒரே ஒரு கேள்விங்க. நடக்குமா நடக்காதாங்க? அத மட்டும் சொல்லிருங்க." பத்து கார்டு விரிப்பு, போன காலம், வரும் காலம், சுற்றியிருக்கும் மனிதர்கள் எதுவும் அவருக்கு வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் கணக்கு பார்ப்பது என் வேலை. டாரட் என் தொழில் இல்லை. சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தெரிந்தவர்களுக்கு, அவர்கள் கூட்டி வருகிறவர்களுக்கு, கார்டு போட்டுப் பார்க்கிறேன். பல வருடமாக இது ஓடிக்கொண்டிருக்கிறது. வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை ஆமாம்-இல்லைதான். டாரட் ரீடர்கள் பலர் அப்படிக் கேட்கவே கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராத்திரி தூங்காமல் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறவரிடம், வந்து உட்கார்ந்ததும் "உங்க கேள்வியே தப்புங்க" என்று சொல்ல எனக்கு மனசு வராது. கேட்கலாம். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எத்தனை தடவை கேட்பது என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நடக்கப்போவது கார்டுக்குத் தெரியும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நன்றாகக் கலைத்த கட்டில் மேலே எது வருகிறதோ அது வருகிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவுடன், கேட்டவர் வாயிலிருந்து அதுவரை வராத ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்காகத்தான் இத்தனை வருடமாக இந்தக் கட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டாரட் பிறந்தபோது குறி கேட்கும் பொருளாக இருக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியில் ஆடிய சீட்டாட்டம் அது. மிலன் நகரை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்ஃபோர்ட்ஸா குடும்பங்களுக்காகக் கையால் வரைந்து தங்கப் பூச்சு வைத்த சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பிரான்சில் இப்போதும் டாரட் சீட்டை வைத்து ஆட்டம் ஆடுகிறார்கள். 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர், இந்தச் சீட்டுகளுக்குள் பழைய எகிப்தின் ரகசிய ஞானம் இருக்கிறது என்று எழுதினார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் டாரட்டை வைத்து எதிர்காலம் பார்ப்பது பரவியது அதற்குப் பிறகுதான்.

இன்று நம் ஊரில் பலர் கையில் இருப்பது 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் டெக் (டெக் என்றால் சீட்டுக் கட்டு), அல்லது அதைப் பார்த்துப் போட்டவை. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவருடையது. 78 படங்களையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். அவர் பெயர் டெக்கின் பெயரில் வெகுகாலம் சேரவே இல்லை. அது எனக்கு ஆறாத வருத்தம், ஏனென்றால் அந்த டெக்கின் உயிரே அவர் படங்கள்தான். அதற்கு முன் பெரும்பாலான டெக்குகளில் எண் கார்டு என்றால் ஏழு கோப்பை, ஒன்பது வாள் என்று சின்னங்களை அடுக்கி வைத்திருப்பார்கள், நம் ரம்மிச் சீட்டு மாதிரி. ஸ்மித் அவற்றுக்குள் மனிதர்களைக் கொண்டுவந்தார். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொள்ளும் பெண், பனியில் நொண்டிக்கொண்டு போகும் ஏழை, படகில் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு துழாவும் ஆள்.

ஆமாம்-இல்லைக்கு இந்த டெக் ஏன் சட்டென்று பிடிகொடுப்பதில்லை என்பது இதிலேயே தெரியும். ஆமாமுக்கும் இல்லைக்கும் இரண்டு பக்கம் போதும், ஒரு ரூபாய் நாணயமே பதில் சொல்லிவிடும். இங்கே இருப்பவை 78 படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கதை. எந்தப் படம் ஆமாம், எது இல்லை என்று கார்டில் எழுதியிருக்காது. அதை நாம்தான் முடிவு செய்கிறோம். எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

இந்த விஷயத்தை நான் எந்த டாரட் வகுப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் பூ கேட்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். காங்கேயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. யாராவது ஒரு பக்தர் கனவில் சாமி வந்து, இன்ன பொருளைப் பெட்டியில் வை என்று சொன்னதாகக் கோயிலுக்கு வந்து சொல்வார். உடனே வைத்துவிட மாட்டார்கள். சாமி முன்னால் பூ வைத்துக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் உத்தரவு. எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்பது கேட்பதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். வந்தபிறகு மாற்றிப் பேச இடமே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ வெள்ளையும் சிவப்புமாகப் பூவைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்துவிட்டதே, இன்னொரு தடவை போடலாமா என்று யாராவது இழுத்தால் பெரியவர்கள் விடமாட்டார்கள். "கேட்டாச்சு, சொல்லியாச்சு."

டாரட்டில் அந்தக் கறார் தானாக வராது, நாமே வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த முறைகளைச் சொல்கிறேன்.

பலரும் செய்வது, ஒரு கார்டு எடுத்து நேராக வந்தால் ஆமாம், தலைகீழாக வந்தால் இல்லை. எளிமையானது. ஆனால் இதில் ஒரு விஷயத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கவனிப்பதே இல்லை. கடையிலிருந்து வரும் டெக்கில் எல்லாக் கார்டும் ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருக்கும். நாம் சாதாரணமாகச் சீட்டுக் கலைக்கும் விதத்தில், அதாவது ஒரு கையில் கட்டைப் பிடித்து மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சொருகினால், எத்தனை நேரம் கலைத்தாலும் ஒரு கார்டுகூடத் தலைகீழாகத் திரும்பாது. வரிசை மாறும், திசை மாறாது. அப்படி எடுத்தால் எல்லாக் கேள்விக்கும் ஆமாம்தான். ஒரு தங்கச்சி புது டெக் வாங்கி, "எனக்கு எல்லாமே ஆமாம்னே வருதுங்க அக்கா" என்று சந்தோஷமாகக் காட்ட வந்தாள். கலைத்துக் காட்டச் சொன்னேன், விஷயம் புரிந்துவிட்டது. கட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் அரைச் சுற்று திருப்பி, மறு பாதியோடு கலைக்க வேண்டும். இதை நாலைந்து தடவையாவது செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் கார்டையும் மேஜையில் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கையாலும் மாவு பிசைகிற மாதிரி வட்டமாகக் கலைத்துச் சேர்க்கலாம். நான் செய்வது இந்த இரண்டாவது.

டெக் வாங்கும்போது கார்டின் முதுகுப் பக்கத்தையும் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரியும் டிசைன் இருக்க வேண்டும். முதுகில் மேல் கீழ் தெரிந்தால், எடுப்பதற்கு முன்பே எது நேர், எது தலைகீழ் என்று கண் கண்டுபிடித்துவிடும். விரலும் நாம் விரும்பும் பக்கம் போய்விடும்.

மூன்று கார்டு எடுத்து, குறைந்தது இரண்டு நேராக இருந்தால் ஆமாம் என்பது இன்னொரு முறை. மூன்று எடுப்பதால் பதில் இன்னும் உறுதியாகும் என்று நினைக்கிறார்கள். ஒரு கார்டு நேராக வர வாய்ப்பு பாதி என்றால், மூன்றில் இரண்டோ மூன்றோ நேராக வரும் வாய்ப்பும் அதே பாதிதான். மூன்றும் ஒரே பக்கம் விழுந்தால் மனசுக்கு ஒரு அழுத்தம் கிடைக்கும், அவ்வளவே.

ஏஸ் முறை என்று பழையது ஒன்று உண்டு. ஏஸ் வரும்வரை, அல்லது 13 கார்டு ஆகும்வரை, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். இப்படி மூன்று அடுக்கு. ஏஸ் நேராக வந்தால் அந்த அடுக்கு ஆமாம், இல்லாவிட்டால் இல்லை. பார்க்க ரொம்ப நன்றாக இருக்கும், கார்டு விழ விழ எதிரில் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். கணக்குப் பார்க்கிறவள் என்பதால் இதையும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 78 கார்டில் நாலு ஏஸ். முதல் 13 கார்டுக்குள் ஒரு ஏஸாவது வர வாய்ப்பு ஏறக்குறைய 52.5 சதவீதம். அது நேராகவும் வர வேண்டும் என்றால் அதில் பாதி, சுமார் 26 சதவீதம். அதாவது இந்த முறையில் ஒரு அடுக்கு நாலில் மூன்று பங்கு இல்லை பக்கமே சாயும். இது தெரியாமல் ஒருவர் தன் கல்யாணத்தையோ படிப்பையோ இதில் கேட்டால் என்ன ஆகும்? மனசு ஒடிந்துபோய் எழுந்து போவார். அதனால் நான் ஏஸ் முறையைப் பயன்படுத்துவதில்லை.

ஒவ்வொரு கார்டுக்கும் ஆமாம், இல்லை என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்வது இன்னொரு வழி. சன், ஸ்டார், வேர்ல்ட் ஆமாம். டவர், டெவில் இல்லை. இந்த ஐந்தில் பெரிதாகச் சண்டை வராது. மற்றதில் ஆளுக்கு ஒரு பட்டியல். போதாததற்கு ஸ்வார்ட்ஸ், அதாவது வாள் கார்டுகளில் முக்கால்வாசி சோகமான படங்கள், கப்ஸ் என்னும் கோப்பைக் கார்டுகளில் சந்தோஷமானவை நிறைய. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பட்டியல் போட்டவருக்கே தெரியாது.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான். ஒரு கார்டு. நேர் என்றால் ஆமாம், தலைகீழ் என்றால் இல்லை. மூன்று கார்டுகளுக்கு மட்டும் விலக்கு. டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், ஹேங்டு மேன், மூன். இவை எந்தப் பக்கம் வந்தாலும் 'இப்போதைக்குப் பதில் இல்லை' என்று வைத்துக்கொள்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு வாளைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஆமாமா இல்லையா என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? இதையெல்லாம் கார்டைத் தொடுவதற்கு முன்பே எதிரில் இருப்பவரிடம் சொல்லி, "சரிங்களா?" என்று கேட்டு, சரி என்று வாங்கிக்கொண்ட பிறகுதான் கலைக்கவே ஆரம்பிப்பேன்.

ஆமாமும் இல்லையும் வந்தபிறகுதான் வேலை தொடங்குகிறது. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். "வேலைய விட்டுறலாங்களா அக்கா?" என்று கேட்டாள். நேராக வந்தது எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ். முறைப்படி ஆமாம். ஆனால் அந்த ஆமாமைச் சொல்லி அனுப்பிவிட முடியாது, படத்தைப் பார்க்க வேண்டும். கார்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"என்ன தெரியுது கண்ணு?"

"ஒரு பொண்ணு... கண்ணக் கட்டியிருக்காங்க. கையும் சேத்துக் கட்டியிருக்கு. சுத்தியும் வாளு."

"அப்புறம்?"

கார்டை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "காலு கட்டலைங்களே அக்கா."

அதற்குப் பிறகு அவளே பேசினாள். அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக் கடன், மாதாமாதம் இவள் சம்பளத்தில் போகும் தவணை, வேலையை விடுவதைப் பற்றி வீட்டில் இதுவரை வாயே திறக்காதது. அவள் கேட்க வந்தது வேலையை விடலாமா என்பது. அவளுக்குத் தேவைப்பட்டது அப்பாவிடம் பேசுவதும், எத்தனை மாதத் தவணை கையில் இருந்தால் துணிந்து விடலாம் என்று கணக்குப் போடுவதும். என் வீட்டு மேஜையிலேயே ஒரு தாளை எடுத்து இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். அதற்குமேல் அவள் என்ன செய்தாள் என்பது அவள் வாழ்க்கை. கார்டு சொன்னதுபோல் நடந்தது என்று எழுதுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கார்டு தானாக எதையும் சொல்லவில்லை, அந்தக் காலைப் பார்த்தது அவள்தான்.

பதிலைக் கேட்டவுடன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று கவனிப்பதும் இதில் சேர்ந்ததுதான். இல்லை என்று வந்ததும் சிலருக்குத் தோள் இறங்கி ஒரு பெருமூச்சு வரும், விட்டது தொல்லை என்பதுபோல. நான் அதை அவர்களிடமே கேட்டுவிடுவேன். "இல்லைன்னு வந்ததும் உங்களுக்கு நிம்மதியா இருந்த மாதிரி தெரிஞ்சுதுங்களே, அப்படியா?" கேட்பது முக்கியம். நாமே தீர்ப்பு சொல்லக் கூடாது.

வீடு வாங்கலாமா என்று ஒரு தம்பதி வந்தார்கள். வந்தது டெத் கார்டு, அதுவும் நேராக. அந்தம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இந்தக் கார்டு வந்தாலே எல்லாரும் பயப்படுகிறார்கள், அதனால் நிதானமாகப் படத்தைக் காட்டுவேன். வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு, கையில் வெள்ளைப் பூப் போட்ட கொடி, கீழே விழுந்து கிடக்கும் ராஜா, பயமில்லாமல் ஏறெடுத்துப் பார்க்கும் குழந்தை, தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவில் சூரியன். யாருடைய சாவையும் அது குறிக்காது, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா? இல்லை. மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டினீர்களா? இன்னும் இல்லை. பதிவுத்துறை இணையதளத்திலேயே வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். அதைப் பார்க்காமல் கார்டைப் பார்க்கக் கூடாது என்று அவர்களை அனுப்பினேன். அன்றிலிருந்து இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். காகிதத்தில், ஆபீசில், பரிசோதனைக் கூடத்தில் பதில் கிடைக்கக்கூடிய எதையும் கார்டிடம் கேட்பதில்லை.

அதனால் நான் எடுக்கவே எடுக்காத கேள்விகள் சில இருக்கின்றன. இந்தக் கட்டி கேன்சரா, ஆபரேஷன் வேண்டுமா, மாத்திரையை நிறுத்தலாமா என்பவை. டாக்டரைப் பார்க்க பயந்துகொண்டு கார்டுக்கு வருகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஆமாமோ இல்லையோ சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போட வைத்தால் அது பெரிய பாவம். கேஸ் ஜெயிக்குமா என்பது வக்கீலுக்குரியது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்டால் கட்டைப் பைக்குள் போட்டுவிடுவேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். லாட்டரி, ஷேர், யார் எப்போது சாவார்கள், இவையும் இல்லை.

இன்னொரு வகை, அங்கே இல்லாத ஆளைப் பற்றிக் கேட்பது. அவர் என்னை நினைக்கிறாரா, அவருக்கு வேறு யாராவது இருக்கிறார்களா, என் மகன் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வானா. தெரிந்த அம்மா ஒருவர், மகனுக்கு இந்த வருடம் கல்யாணம் கூடுமா என்று கேட்டு வந்தார். "மகனுக்கு என்ன கேள்வி இருக்குன்னு அவனே சொல்லட்டுங்க, அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க" என்றேன். பையன் வந்தான். அம்மாவை வெளித் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து கேட்டான், "அம்மாகிட்ட சொல்லிரலாங்களா அக்கா?" என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஆமாம்-இல்லை கேட்கலாம், ஏனென்றால் அது அவன் கையில் இருக்கும் விஷயம். அவன் அம்மா கேட்டது யார் கையிலும் இல்லாதது.

கேள்வியைச் சரிசெய்யும்போது நான் பார்ப்பது இந்தக் கை விஷயத்தைத்தான். 'எனக்கு விசா கிடைக்குமா?' என்பது தூதரகத்தின் கையில். 'இந்த மாதமே விண்ணப்பம் போடலாமா, சேமிப்பைக் கூட்டிக்கொண்டு அப்புறம் போடலாமா?' என்பது நம் கையில். இதிலும் ஒரு குறை உண்டு, ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வி. ஆமாம் வந்தால் எதற்கு ஆமாம்? ஒன்றை மட்டும் எடுத்து, 'இந்த மாதமே விண்ணப்பம் போடலாமா?' என்று நிறுத்த வேண்டும். காலக்கெடு கட்டாயம் வேண்டும். 'எனக்கு வேலை மாறுமா?' என்றால் இருபது வருடம் கழித்து மாறினாலும் ஆமாம்தான். 'தை பிறப்பதற்குள் மூன்று இடத்திலாவது விண்ணப்பித்துவிடலாமா?' என்றால் பதில் வந்த அடுத்த நிமிடமே செய்ய ஒரு வேலை இருக்கிறது. 'இல்லை' போட்ட கேள்விகளையும் தவிர்த்துவிடுங்கள். 'நான் அங்கே போகாமல் இருப்பது நல்லதில்லையா?' என்று கேட்டு ஆமாம் வந்தால் போவதா இருப்பதா என்று கேட்டவருக்கே குழம்பும். கேள்வியைத் தாளில் எழுதச் சொல்கிறேன். எழுதும்போதே பாதிப் பேர் அடித்துவிட்டு மாற்றி எழுதுவார்கள்.

திரும்பத் திரும்ப எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகக் கெடுதல் இங்கேதான் நடக்கிறது. பிடிக்காத பதில் வந்தால், சரியாகக் கலைக்கவில்லை, மனசு ஒருநிலையில் இல்லை என்று மறுபடி எடுப்பது. ஒரு தடவைக்கு ஆமாம் வர வாய்ப்பு பாதி என்றால், மூன்று தடவை எடுத்தால் ஒரு ஆமாமாவது வர எட்டில் ஏழு பங்கு வாய்ப்பு. வேண்டிய பதில் வரும்வரை எடுத்தால் அது வந்தே தீரும். வந்தபிறகு நிம்மதி இருக்குமா என்றால் அதுவும் இருக்காது, முதலில் வந்த இல்லை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். இப்போது போனிலேயே ஆப் இருக்கிறது, பேருந்தில் நின்றுகொண்டே கட்டை விரலால் தட்டிக்கொண்டே இருக்கலாம். காதல் முறிந்த பிள்ளைகள் ராத்திரி முழுக்க இப்படித் தட்டுவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியிருக்கிறது. அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குத் தேவை கார்டு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும், தேவைப்பட்டால் மனநல ஆலோசகர் வேண்டும்.

நான் வைத்திருக்கும் விதி, நிலைமையில் ஏதாவது ஒன்று மாறினால்தான் அதே கேள்வியை மறுபடி கேட்கலாம். புது இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, வீட்டில் பேசியாகிவிட்டது, பணம் கைக்கு வந்துவிட்டது, இப்படி. வெறுமே நாள் போனது கணக்கில் வராது.

பணம் வாங்கிக்கொண்டு பார்ப்பதில் தப்பில்லை. நேரம் கொடுத்து நேர்மையாக உட்கார்ந்து பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கேள்விக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, இல்லை வந்ததும் "இன்னொரு கேள்வி கேட்டால் தெளிவாகும்" என்று இழுக்கிற இடத்தில் உட்காராதீர்கள். டவரோ டெவிலோ வந்ததும் செய்வினை இருக்கிறது, கழிக்க இத்தனை ஆயிரம் ஆகும் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். டாரட்டில் செய்வினை என்று ஒரு கார்டு கிடையாது. எங்கள் தெருவில் ஒரு அக்கா இப்படிக் கம்மலை அடகு வைத்துக் கொடுத்தார். அவர் கணவரின் குடி அப்படியேதான் இருந்தது, கம்மல்தான் போனது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எடுத்தவுடன் கல்யாணத்தையும் வேலையையும் கேட்காதீர்கள். சின்னதாக, சீக்கிரம் பதில் தெரிந்துவிடக்கூடியவற்றைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் சிலிண்டர் வருமா? நாளை மத்தியானத்துக்குள் மழை வருமா? இந்த வாரம் அண்ணன் போன் பண்ணுவாரா? இவை நம் கையில் இல்லாதவை என்பது எனக்குத் தெரியும், பழகுவதற்காக மட்டும்தான். ஒரு நோட்டில் தேதி, கேள்வி, வந்த கார்டு, நேரா தலைகீழா, பார்த்ததும் என்ன தோன்றியது என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு, நடந்தபிறகு வந்து நிரப்புங்கள். பலித்தது மட்டும் மனசில் நிற்கும், பலிக்காதது மறந்துபோகும். நோட்டு எதையும் மறக்காது. நாலைந்து பக்கம் நிரம்பியதும் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று கூட்டுங்கள். என் நோட்டில் ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் அப்படி வந்தால் மனம் தளர வேண்டாம். அந்தக் கூட்டலை முதலில் போட்டுப் பார்த்தவர், அடுத்து ஒருவர் வந்து "என் புருசன விட்டுட்டுப் போயிரலாங்களா?" என்று கேட்கும்போது ஒரு கார்டைத் திருப்பி ஆமாம் என்று சொல்லிவிட மாட்டார். ஏன் போக நினைக்கிறார், அடி விழுகிறதா, குழந்தைகள் எங்கே, போனால் தங்க இடம் இருக்கிறதா என்று கேட்பார். அடிக்கிறான் என்று தெரிந்தால் கார்டை ஓரமாக வைத்துவிட்டு, பெண்கள் உதவி எண் 181ஐ ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பார்.